டகோட்டாவுக்கு ஒரு கிளியர் கோட்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் கடல் பக்கம் முழுக்கப் பனி. பால்கனியில் நேற்றுக் காயப்போட்ட நைட்டி இன்னும் பிசுபிசுப்பு. மாமல்லபுரத்தில் வீடு எடுத்தால் நல்ல காற்று வரும் என்றார்கள். அந்தக் காற்றோடு ஈரமும் உப்பும் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆபீஸ் வேலை வீட்டிலிருந்தே. படி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. வாந்தி நின்றுவிட்டது. ஐந்தாம் மாதம். முந்தைய இரண்டு முறையும் இவ்வளவு தூரம் வரவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதப்போவதில்லை.

முரளி பரண் மேலிருந்து என் டகோட்டா விமான மாடலை இறக்கிக் கொடுத்தார். போன முறை ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் வெள்ளிப் பெயின்ட் அடித்து வைத்தது. அப்புறம் தொடவில்லை. பெட்டியைத் திறக்கக் கொஞ்சம் பயமாக இருந்தது. உள்ளே தூசு, அவ்வளவுதான். றெக்கை நுனிக்கு நுனி ஒரு முழம். அழகாகத்தான் செய்திருக்கிறேன்.

பாக்கி: கிளியர் கோட். டீகால். மறுபடி கிளியர் கோட். ஜன்னல்கள். சக்கரம்.

மு. பார்த்துவிட்டு, "அதான் பளபளன்னு கீதே. அதுக்கு மேல இன்னாத்துக்கு இன்னொண்ணு?"

விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். கண்ணுக்கு வழவழ, விரலுக்குச் சொரசொர. இதன் மேல் டீகாலைத் தண்ணீரில் நனைத்து ஒட்டினால் அடியில் காற்று நிற்கும், எழுத்தைச் சுற்றி வெள்ளையாகத் தெரியும். கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருந்தால் அப்படியே படிந்துவிடும்.

"பஸ் கண்ணாடில ஸ்டிக்கர் ஒட்டுவோமே, அந்த மாதிரியா?"

"அதேதான்."

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார். எதைச் சொன்னாலும் பஸ்ஸில் கொண்டுபோய் வைத்தால்தான் அவருக்குப் புரியும்.

பிப்ரவரி 4, புதன்

வெயில். இரும்பு மாத்திரை மறந்துபோய் மத்தியானம் போட்டேன்.

எந்த கிளியர் என்று யோசனை. கையில் இருப்பவை:

லாக்கர், தின்னர் கலந்து அடிக்கும் பூச்சு. கெட்டியாக நிற்கும், வெள்ளி மேல் இதுபோல் மினுக்குவது வேறில்லை. ஆனால் நாற்றம்.

தண்ணீரில் கரையும் அக்ரிலிக். வாசனை குறைவு. காய மெதுவு. வெள்ளியின் உயிரை எடுத்துவிடும் என்கிறார்கள்.

தரைக்குப் போடும் பாலிஷ். சிரிக்கக்கூடாது. ஜன்னல் கண்ணாடிகளை அதில் முக்கி எடுத்தால் தெளிவாகிவிடும். உடம்புக்கு அது போதாது.

டாக்டரம்மாவுக்கு போன். "தின்னர் வாசனை வர்ற எதுவும் வேணாம்மா. ஜன்னல் தொறந்திருந்தாலும் வேணாம்." சரி. லாக்கர் பாட்டில் வாசலுக்கு வெளியே, செருப்பு ஸ்டாண்டில்.

வெள்ளி அடித்த பிளாஸ்டிக் ஸ்பூன்கள் மிச்சம் இருந்தன. அக்ரிலிக்கை பிரஷ்ஷால் பூசி, சட்டியைக் கவிழ்த்து மூடி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஸ்பூன் காய்ந்தது. தோல்வி. பிரஷ் கோடு கோடாக. வெள்ளி போய் அலுமினியச் சட்டி நிறம்.

மு. ஷிஃப்ட் முடிந்து வந்து ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த நாத்தம் புடிச்சதுதான் நல்லாருக்குமா?"

"நல்லாத்தான் இருக்கும். ஆனா நான் அடிக்க முடியாதே."

"நான் அடிக்கிறேன். மொட்ட மாடில. நீ கீழ கதவ சாத்திகினு இரு."

சிரித்தேன். சுவருக்கு ஒயிட்வாஷ் அடித்ததோடு சரி இவர். "ஸ்பூன்ல பழகிட்டு அடிங்க" என்றேன். முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலை முழுக்க மாடியில் ஸ்பூனும் இவரும். பெயின்ட் ஸ்ப்ரே செய்யும் கம்ப்ரஸர் சத்தம் மட்டும் கீழே கேட்டது. முதல் ஸ்பூன் ஒழுகியது. அடுத்தது ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளி. போனில் சொல்லிக்கொண்டே இருந்தேன்: கிட்டப் போகாதீங்க, ஒரே இடத்துல நிக்காதீங்க, கை போய்க்கிட்டே இருக்கணும். சாயங்காலத்துக்குள் ஒரு ஸ்பூன் நிஜமாகவே கண்ணாடி.

அந்தச் சந்தோஷத்தில் அவசரப்பட்டுவிட்டோம். பொழுது சாயும்போது கடல் காற்று ஈரமாக வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் "அடிச்சிடுங்க" என்றேன்.

கீழே கொண்டுவந்தபோது இடது றெக்கை முழுக்க வெள்ளை. அரிசி மாவு தூவினாற்போல.

பிப்ரவரி 9, திங்கள்

மேகமூட்டம். சாப்பாடு இறங்கவில்லை.

ஏன் என்று தெரியும். லாக்கர் சட்டென்று காயும்போது ஜில்லாகும், காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் பூச்சுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். தெரிந்து என்ன.

மு. காலையிலிருந்து விமானம் இருக்கும் அலமாரிப் பக்கமே போகவில்லை. "நான்தான் கெடுத்துட்டேன்" என்றார்.

"விடுங்க. இதுவும் இப்படித்தான்."

சொன்ன பிறகுதான் 'இதுவும்' என் காதில் விழுந்தது. அவர் காதிலும் விழுந்தது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"பானு. அதையும் இதையும் ஒண்ணா போடாத. இது பிளாஸ்டிக்கு. போனா வேற வாங்கிக்கலாம். அது வேற."

ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது, "இத சரி பண்ண வழியே இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

வழி இருக்கிறது. மெதுவாகக் காயும் தின்னரை லேசாக, புகை மாதிரி அடித்தால் பூச்சு இளகும், ஈரம் வெளியேறும், வெள்ளை மறையும். ஆனால் காற்று காய்ந்திருக்க வேண்டும். இங்கே அது நடக்காது என்றேன்.

"அச்சரப்பாக்கத்துல?"

அவர் அம்மா வீடு. கடல் அங்கிருந்து வெகு தூரம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

செங்கல்பட்டு. ஸ்கேன். வழியெல்லாம் லாரி.

ஸ்கேன் பார்க்கும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. திரை அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. சுவரில் விரிசல் ஒன்று, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "லெஃப்ட்ல திரும்புங்க." மறுபடி அமைதி. இரண்டு முறையும் இந்த அமைதிக்குப் பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

"ம். எல்லாம் வளர்ச்சிக்கு ஏத்த மாதிரி இருக்கும்மா. எழுந்துக்கலாம்."

எழுந்துகொள்ள முடியவில்லை. கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன் என்றேன். சரி என்றார்கள். நல்லவர்கள்.

வெளியே மு. முகத்தைப் பார்த்தே, "எல்லாம் நல்லாருக்காம்" என்றேன். வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தார். சட்டைப் பையில், பேன்ட் பையில். சாவி அவர் கையில்தான் இருந்தது.

வரும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் மோர். ரொம்ப நாளைக்குப் பிறகு பசி.

பிப்ரவரி 15, ஞாயிறு

நல்ல காய்ந்த வெயில். மு. காலையில் பஸ் ஏறி அச்சரப்பாக்கம் போனார். டகோட்டா இண்டக்‌ஷன் அடுப்பு வந்த அட்டைப் பெட்டியில், சுற்றிலும் பழைய துணி, மடியில். கம்ப்ரஸரும் பாட்டில்களும் காலடியில் ஒரு பையில். பெட்டியில் ஓட்டைகள் இருந்ததால் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டாராம்: "அண்ணாத்த, உள்ள இன்னா, கோழியா?"

"ஏரோப்ளேனு."

அந்த ஆள் மதுராந்தகம் வரை பேசவே இல்லையாம்.

உச்சி வெயிலில் வீடியோ கால். போனைப் பிடித்தது அத்தை. எனக்குப் பாதி நேரம் வானமும் அத்தையின் கட்டை விரலும்தான் தெரிந்தன.

"இன்னாடா இது, பொம்மைக்குப் போய் மூஞ்சில துணி கட்டிகினு."

"யம்மா, நீ தள்ளி நில்லு, காத்து உன் பக்கம் வருது. போன மட்டும் நேரா புடி."

தின்னர் முதலில். லேசாக. நான் வாயைத் திறக்கவில்லை. றெக்கை நனைந்தது, கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு நடுவிலிருந்து ஓரம் நோக்கி வெள்ளை கரைந்துகொண்டே போனது. ஆற விட்டு, அதன் மேல் கிளியர். கை நிற்காமல் போய் வந்தது. இந்த மனுஷனுக்கு எப்போது இவ்வளவு நிதானம் வந்தது?

அத்தை கிட்டப் போனார். "இதுல என் மூக்குத்தி தெரியுதுடா" என்றார். பிறகு போனைத் தன் பக்கம் திருப்பி, "பானு, சாப்ட்டியா? நல்லா சாப்புடு. இந்த நாத்தத்துக்கெல்லாம் நீ வராத, இவன் வந்து அடிச்சிகினு போவட்டும்."

ஸ்கேன் பற்றி அவர் கேட்கவில்லை. மு. சொல்லியிருப்பார். கேட்டால் கண் படும் என்று நினைத்திருப்பார். எனக்கும் அதே பயம்தான் என்று அவருக்குத் தெரியாது.

பிப்ரவரி 18, புதன்

காற்று இல்லை. கடல் சத்தம் கூடக் கம்மி.

நாற்றம் சுத்தமாகப் போய்விட்டது. மு. மூக்கை வைத்து உறிஞ்சிப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் மேஜைக்கு வந்தது. வலது றெக்கையில் டியூப்லைட் கோடு உடையாமல் தெரிகிறது. இடதும் அப்படியே. நான் அடித்திருந்தால் இதைவிட நன்றாக வந்திருக்குமா? வந்திருக்கும் என்று எழுத வந்தேன். தெரியவில்லை.

டீகால் வேலை என்னுடையது. கிண்ணத்தில் தண்ணீர், இடுக்கி, மெல்லிய பிரஷ். மு. பக்கத்தில் உட்கார்ந்து தாளிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிக் கொடுத்தார். விமானப்படை வட்ட அடையாளங்கள் நான்கும் வழுக்கிக்கொண்டு போய்ச் சரியான இடத்தில் உட்கார்ந்தன. ஓரத்தில் வெள்ளை இல்லை. கறுப்புப் பட்டைகள், சரி. கடைசியாக வால் பக்கத்து எண். அதை நகர்த்திக்கொண்டிருக்கும்போது அடிவயிற்றுக்குள் ஏதோ தட்டியது. வாயு என்று நினைத்தேன். மறுபடி, அதே இடத்தில். நான் அசையவில்லை. இடுக்கி கையிலேயே நின்றது. மு. கையைப் பிடித்து அங்கே வைத்தேன். வெளியே எதுவும் தெரியவில்லை என்றார், ஆனாலும் கையை எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தோமோ. டீகால் காய்ந்து பிடித்துவிட்டது.

"சாஞ்சிகினு கீதே. நனைச்சி எடுத்துட்டு வேற ஒட்றியா?"

வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அதன் மேல் இன்னொரு கோட் அடித்து மூடிவிடச் சொல்லியிருக்கிறேன்.