மலைக்கு வந்த பூட்டு

உங்களுக்கு,

இன்று காலை பரண் மேல் கிடந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னேன். புதுப் புளி வந்திருக்கிறது, கொட்டி வைக்கப் பழைய ஜாடி அதில் இருக்குமோ என்று பார்க்கத்தான். ஜாடி இல்லை. பூட்டு இருந்தது. உங்கள் வேட்டிக் கிழிசலில் சுற்றி, தேங்காயெண்ணெய் தடவி, நீங்களே வைத்த பூட்டு. எண்ணெய் பிசுக்கேறித் துணியெல்லாம் மஞ்சளாகிவிட்டது. வாடை மட்டும் போகவில்லை. உள்ளங்கையில் அடங்காத அந்தத் திண்டுக்கல் பூட்டைத் தூக்கியபோது மணிக்கட்டு விண்ணென்று வலித்தது. இதை எப்படித்தான் தினமும் தூக்கிப் பூட்டினீர்களோ.

நேற்றுதான் மகள் போனில் பேசினாள். "தனியா ஆலங்காயத்துல எதுக்கும்மா கெடக்கற? இங்க வந்துடு. கேட்ல வாட்ச்மேன் இருக்கான், கேமரா இருக்கு, ஒரு பயமும் இல்ல" என்றாள். அவள் வீடு வாங்கிப் போயிருப்பது எங்கே தெரியுமா? நாம் விட்டுக் கிளம்பி வந்த அதே நகருக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளி. சிரிக்காதீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆவடிக்கு அப்பால், ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடம் அது. பேரில் 'நகர்' இருந்தது. நகரத்தில் இருப்பது ஒன்றும் அங்கே இல்லை, கிராமத்தில் இருப்பதும் இல்லை. கம்பம் இருக்கும், விளக்கு எரியாது. கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் போட்ட பருப்பு, மதியம் திரும்பிய பிறகும் அடுப்பில் முழித்துக்கொண்டிருக்கும். கோடையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு ஓட்டம். மழைக்காலத்தில் ஏரி தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு நம் கூடத்துக்கே வரும். கட்டில் மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தோமே, நினைவிருக்கிறதா?

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்காதது மதியம். விடிவதற்குள் ஆண்கள் எல்லாரும் ஸ்டேஷனுக்கு நடந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு இருட்டும் வரை அந்தத் தெருவில் நாய் கூட நடக்காது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண், ஒரு குழந்தை, ஒரு பூட்டு. எதிர் வீட்டுக்காரி பேர் எனக்குக் கடைசி வரை தெரியாது. பச்சை கேட் வீடு, அவ்வளவுதான்.

ஒரு மதியம் நம் பெண் மூக்குக்குள் புளியங்கொட்டையைத் திணித்துக்கொண்டாள். மூச்சு முட்டி முகம் சிவந்துவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, ஒவ்வொரு கேட்டாகத் தட்டிக் கத்தினேன். பச்சை கேட் வீட்டில் ஜன்னல் திரை அசைந்தது. கதவு திறக்கவில்லை. குழந்தையைக் காட்டிக் கதவைத் திறக்க வைத்துக் கொள்ளையடிக்கிற கும்பல் சுற்றுகிறது என்று அந்த வாரம்தான் நலச் சங்கக் கூட்டத்தில் சொல்லியிருந்தார்களாம். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளும் என்னைப்போல் பயந்துபோய்க் கிடந்தவள்தான். நடுத்தெருவில் குழந்தையே தும்மி, கொட்டை வெளியே வந்து விழுந்தது. அன்று நான் அழுத அழுகையைப் பார்க்கக் கூட யாரும் இல்லை.

இதை நீங்கள் வந்த பிறகு சொன்னபோது உங்கள் கண் தூக்கத்தில் சொருகிக்கொண்டிருந்தது. பெரியாஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே மருந்து கொடுத்துவிட்டு, ரயிலில் தொங்கிக்கொண்டு வந்து, ஸ்டேஷனிலிருந்து நடந்து வருவீர்கள். என்ன கேட்பது உங்களை? மறுநாள் விடியுமுன் கிளம்பும்போது நாங்கள் இருவரும் தூங்கிக்கொண்டிருப்போம். திருட்டுப் பயத்துக்குக் கிரில் கதவை வெளியே பூட்டிவிட்டு, ஒரு சாவியை ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டுப் போவீர்கள். நான் எழுந்ததும் கம்பிக்குள் கையை விட்டுத் திறந்துகொள்வேன். அந்தத் தெருவில் பாதி வீடுகளில் இதே வழக்கம்தான்.

நம் பெண் உங்களை 'ஞாயித்துக்கெழம அப்பா' என்பாள். எல்லாக் குழந்தைகளுக்கும் அப்பா வாரம் ஒருமுறை வருகிறவர் என்று நினைத்திருந்தாள். ஒரு நாள் உங்களுக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் தூங்கி எழுந்தவள் கூடத்தில் உங்களைப் பார்த்துவிட்டு என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. காய்ச்சல் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஜவ்வாது மலைக்கு மாற்றல் வந்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "என்னத் தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடிச்சிட்டாங்க" என்றீர்கள். உங்கள் மேலதிகாரியை நான் திட்டாத திட்டில்லை.

மலை ஒன்றும் சொர்க்கம் இல்லை. உங்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெய் விளக்கு. எலும்பைக் குடையும் குளிர். ஆலங்காயம் பஸ் வந்தால் வந்தது, மழை பெய்தால் அதுவும் இல்லை. டாக்டர் எப்போதாவது வருவார், மற்ற நாளெல்லாம் நீங்கள்தான் டாக்டர். பருப்பு மட்டும் ஊற்றுத் தண்ணீரில் பூவாய் வெந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுற்றி இருந்தவர்கள் பேச்சு எனக்குப் பாதி புரியவில்லை. அவர்கள் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. கொல்லைக் காட்டில் உழவு வேலைக்குப் போகும்போது வாசலில் ஒரு கழியைக் குறுக்கே சாய்த்துவிட்டுப் போவார்கள். ஆள் இல்லை என்று அர்த்தம். மற்றபடி ஆடு வராமல் இருந்தால் சரி.

வந்த மாதமே உங்களிடம் சொல்லிவிட்டேன். "பொங்கலுக்கு அம்மா வூட்டுக்குப் போறேன், திரும்பி வர மாட்டேன். நானும் கொழந்தையும் நகர் வீட்லயே இருந்துக்கறோம், நீங்க மாசத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க" என்றேன். மலைக்கு மாற்றலான எல்லாரும் அப்படித்தானே குடும்பத்தைக் கீழே வைத்திருந்தார்கள்? நீங்கள் விளக்குத் திரியைத் தாழ்த்திவிட்டுப் படுத்துக்கொண்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா, மாதக் கடைசி அப்பாவாக ஆகியிருப்பீர்கள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை, உங்களுக்கு உறைத்திருக்கிறது.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்தக் கூத்து நடந்தது. நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஊசி போடும் முகாம். ஜீப் விடியுமுன் வந்துவிட்டது. மலைக்கு வந்த பிறகு அவ்வளவு சீக்கிரம் நீங்கள் கிளம்பியது அன்றுதான். இருட்டு, தூங்கும் பெண்டாட்டி, தூங்கும் குழந்தை. கை பழைய வேலையைப் பார்த்துவிட்டது. வெளியே நாதாங்கியைப் போட்டு, இந்தப் பூட்டைப் பூட்டிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டீர்கள். ஆனால் இங்கே கிரில் இல்லை, பலகைக் கதவு. இரண்டாவது சாவி சாமான் இறக்கியபோதே எங்கோ விழுந்துவிட்டது. இருந்த ஒரே சாவி உங்கள் சட்டைப் பையில் நெல்லிவாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலைதான் முதலில் வந்தாள். "இன்னாம்மா, பொழுது இம்மாம் ஏறிச்சி, இன்னும் வூடு தொறக்கல?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், பூட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஜன்னல் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இன்னா தப்பும்மா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. அவரு மறந்து பூட்டிட்டுப் போய்ட்டாரு."

"மறந்துட்டா தொறந்துதான போட்டுட்டுப் போவாங்க? மறந்துட்டு யாராவது பூட்டுவாங்களா?"

கம்பவுண்டர் பெண்டாட்டியைப் பூட்டி வைத்துவிட்டுப் போய்விட்டான் என்ற சேதி, அடுப்பு பற்ற வைப்பதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. நகரில் நான் கத்திக் கூப்பிட்டும் ஒரு கதவு திறக்கவில்லை. இங்கே நான் கூப்பிடவே இல்லை, ஊரே ஜன்னலில் நின்றது. பாஞ்சாலை புருஷன் கூரை மேல் ஏறி, ஓட்டைப் பிரித்து, குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டான். அவள் குதூகலமாகப் போய்விட்டாள். நான் புடவையோடு கூரை ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஜன்னல் கம்பி வழியாகக் கூழ் வந்தது, தேன் வந்தது, வெற்றிலைப் பாக்கு கூட வந்தது. ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். யாரோ கதவை உடைக்கலாம் என்றார்கள். ஊருக்குத் தலைவரான ஊர்க் கவுண்டர் தடுத்துவிட்டார்.

"ஒடைக்காதீங்க. பூட்டுனவன் வந்து தொறக்கட்டும். ஊரு பாக்கணும்."

சாயங்காலம் ஜீப்பிலிருந்து நீங்கள் இறங்கியபோது உங்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உங்களுக்கு எப்படித் தெரியும், நான்தானே பார்த்தேன், ஜன்னல் வழியாக. கூட்டத்தைப் பார்த்து யாருக்கோ உடம்பு சரியில்லை என்று மருந்துப் பெட்டியோடு ஓடி வந்தீர்கள். பூட்டைக் கண்டதும் கை சட்டைப் பைக்குப் போனது. சாவியைத் தலைகீழாகத் திணித்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிப் போட்டீர்கள்.

என்னை வெளியே அழைத்து உட்கார வைத்தார்கள். உங்களை எதிரே நிற்க வைத்தார்கள். அந்த ஊரில் புருஷன் பெண்டாட்டி வழக்கென்றால் அப்படித்தான்.

"பழக்கதோஷங்க" என்றீர்கள். "மெட்ராசுல அப்படித்தான் பூட்டுவோம்."

"பொண்டாட்டி உள்ள இருக்கறப்பவா?" என்றார் கவுண்டர்.

"ஆமாங்க. திருடன் பயம்."

"அப்ப அக்கம்பக்கத்துல கீறவங்கல்லாம் யாரு? திருடனுங்களா?"

"யாருன்னே தெரியாதுங்க. நாலு வருசம் இருந்தேன், எதிர் வீட்டுக்காரர் மூஞ்சி கூடச் சரியாத் தெரியாது. ரெண்டு பேரும் இருட்டுலதான் போவோம், இருட்டுலதான் வருவோம்."

கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். "அய்யோ பாவம்" என்றது ஒரு கிழவர் குரல். கவுண்டர் மட்டும் விடவில்லை. "அங்கதான் அப்படி. இங்க தண்டனை மாத்தல்ல வந்தவன்னு சொல்றாங்க. எங்க ஊருக்கு வந்தது ஒனக்குத் தண்டனை, அந்தக் கோவத்த பொண்டாட்டி மேல காட்டறியா?"

அப்போதுதான் சொன்னீர்கள். என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு.

"தண்டனை இல்லீங்க. நானா எழுதிக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். யாரும் வர மாட்டேன்ற எடம்னு ஒடனே குடுத்துட்டாங்க. எம் பொண்ணுக்கு என்னை அடையாளம் தெரியலீங்க. இங்க வந்தா பகல்ல அவ கண்ணுல படுவேன்னு வந்தேன். வூட்ல சொன்னா வர மாட்டாங்கன்னு சொல்லல."

நம் பெண் அந்த நேரத்தில் எங்கே இருந்தாள் தெரியுமா? உங்கள் காலைக் கட்டிக்கொண்டு, மருந்துப் பெட்டியைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை நாள் பொய் சொன்னதற்குக் கோபம். அன்றைக்கு நீங்கள் சாப்பிடாமல் படுத்தது காய்ச்சலால் இல்லை என்று இத்தனை நாள் கழித்துத் தெரிந்ததற்கு இன்னும் கோபம்.

கவுண்டர் என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, எல்லாம் கேட்ட. இவரோட இருக்கிறியா, போய்ட்றியா? போறன்னா சொல்லு, நாங்களே பஸ்ஸு ஏத்தி வுட்றோம். யாரும் ஒன்னத் தப்பா பேச மாட்டோம்."

என்னை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கல்யாணத்துக்குக் கேட்கவில்லை. நகரில் மனை வாங்கும்போது கேட்கவில்லை. மலைக்கு வரும்போதும் கேட்கவில்லை. ஊரே வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நீங்கள் அப்போதும் தலை நிமிரவில்லை. பொங்கலுக்குக் கட்டி வைத்த என் துணி மூட்டை உள்ளே மூலையில் இருந்தது உங்களுக்கும் தெரியும்.

"இவரு என்னக் கேக்காமதான் கூட்டிட்டு வந்தாரு. நீங்கதான் கேட்டீங்க. இருக்கறேன்" என்றேன்.

கவுண்டர் தலையை ஆட்டினார். "பூட்ட அந்தம்மா கையில குடு. இனி அது அவங்களுது." அவ்வளவுதான் தீர்ப்பு. பாஞ்சாலை மட்டும் திருப்தி இல்லாமல் முணுமுணுத்துக்கொண்டு போனாள். இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கலாம் என்று அவளுக்கு.

நாம் அங்கேயே இருந்தோம், பெண் வளர்ந்து, அவள் படிப்புக்காகக் கீழே ஆலங்காயத்துக்கு இறங்கும் வரை. நகர் வீட்டை விற்க ஒரு முறை போனோமே, அப்போது பச்சை கேட்டைத் தட்டி அவள் பேரைக் கேட்டேன். வேறு யாரோ இருந்தார்கள். ரயிலில் திரும்பி வரும்போது நீங்கள் பாட்டு முனகினீர்கள். அன்றைக்கு மாதிரி நீங்கள் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

கவுண்டர் கேட்ட அந்தக் கேள்வியை மட்டும் நீங்கள் விடவில்லை. சண்டை போட்டால், குழம்பில் உப்பு கூடினால், பொங்கலன்று பானை இறக்கினால், கவுண்டர் குரலில் கேட்பீர்கள். நான் ஒவ்வொரு முறையும் யோசிக்கிற மாதிரி பாவனை செய்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

மகளுக்கு என்ன சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த வாரம் போகிறேன், தங்குவதற்கு இல்லை. மாப்பிள்ளை குழந்தை எழுமுன் போய், தூங்கிய பின் வருகிறாராம். அவளும் அப்படித்தானாம். அவர்களை எதிரே உட்கார வைத்து, அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வரப்போகிறேன். என்ன பதில் சொன்னாலும் சரி. கேட்பதற்கு ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். ஆலங்காயத்தில் நானும் வீட்டைப் பூட்டத்தான் வேண்டியிருக்கிறது, அதற்குச் சின்னப் பூட்டு போதும். இந்தப் பெரியதை மறுபடி துடைத்து, புது எண்ணெய் போட்டு, திறந்தபடியே வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரம், பேச்சு குழறிய பிறகும், என் கையைத் தடவிக்கொண்டு கேட்டீர்கள். "இருக்கிறியா, போய்ட்றியா?" அன்றைக்கு மட்டும் நான் யோசிக்கிற மாதிரி நடிக்கவில்லை. உடனே, "இருக்கேன்" என்றேன்.

உங்களை அப்படிக் கேட்க எந்த ஊரும் கூடவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.