எதிர் அறையின் சம்பளம்

மார்ச் 4

சம்பளம் வந்தது. இவர் என் கைபேசியை எட்டிப் பார்த்துவிட்டு, "பல் டாக்டர் வீட்டுலயும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் ஓட்டணும் போல" என்றார். சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை, எரிச்சலாக மாறிவிட்டது.

எதிர் அறை டாக்டருக்கும் எனக்கும் ஒரே படிப்பு, ஒரே அனுபவம். அவர் வாங்குவதில் பாதிகூட எனக்கு இல்லை. செய்கிற வேலைக்கு வரும் பணத்தில் பங்கு என்பதுதான் பேச்சு. அப்படியென்றால் நான் சோம்பேறியா? இடுப்பு ஒடியக் குனிந்தே கிடக்கிறேனே!

மார்ச் 6

வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் இன்று கேட்டே விட்டேன். எங்கள் மொழி பேசுகிறவர்கள் அத்தனை பேரும் ஏன் என் அறைக்கே வருகிறார்கள்?

"உங்க ஆளுங்களுக்கு நீங்கதானே வசதி, டாக்டர்?"

வசதிதான். சலவை ஆலை, கட்டட வேலை, வீட்டு வேலை. எல்லோர் கையிலும் ஏழைகளுக்கான மருத்துவ உதவி அட்டை. அட்டைக்கு அரசு தருவதே சொற்பம், அதில் என் பங்கு? சொந்தப் பணம் கட்டிப் பல்லுக்கு கேப் போடுகிறவர்கள் எதிர் அறைக்குப் போகிறார்கள்.

மார்ச் 7

நம் ஆட்கள் மேலேயே கோபம் வருகிறது. சே.

மார்ச் 11

கிளினிக்கை நடத்தும் பெரிய டாக்டரிடம் போய், "யாரா இருந்தாலும் வரிசைப்படி அனுப்புங்க சார்" என்றேன். "அதுக்கென்னம்மா, செஞ்சிடலாம்" என்றார். இவ்வளவுதானா? இத்தனை வருடம் வாயைத் திறக்காத என்னை எதால் அடிப்பது?

மார்ச் 18

காலையிலேயே இரண்டு கேப். கை பறந்தது.

மதியம் எதிர் அறையிலிருந்து, வழக்கமாக என்னிடம் வரும் சலவை ஆலை அக்கா வெளியே வந்தார், வாயில் பஞ்சு. முன்பல் போய்விட்டது. காப்பாற்றிவிடலாம் என்று போன மாதம் நான் சொல்லியிருந்த பல்.

"எடுத்துடவான்னு திரும்பத் திரும்பக் கேட்டேன். தலையாட்டினாங்களே!" எதிர் அறை டாக்டர் பதறிப்போனார். அவரை என்ன சொல்வது? டாக்டர் பேசுவது புரியாவிட்டால் நம் ஆட்கள் தலையாட்டுவார்கள். மறுபடி கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைப்பு. எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?

"உங்க ரூம்ல ஆள் இருந்துச்சும்மா. தொந்தரவு பண்ண வேணாம்னுதான்..." வாயைப் பொத்திக்கொண்டே அக்கா என்னைச் சமாதானப்படுத்துகிறார். என்னை!

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

மார்ச் 19

"எங்க ஆளுங்களை எனக்கே அனுப்புங்க சார். ஆனா பங்கு வேணாம். எதிர் ரூமுக்கு என்ன வருதோ அதையே எனக்கும் சம்பளமாக் குடுங்க."

பெரிய டாக்டர் சிரித்தார். "ரெண்டுக்கும் வழி பண்றேன்மா."

மார்ச் 26

ஒரு பதிலும் இல்லை. "விட்டுத் தொலை, வேற இடம் பாரு" என்கிறார் இவர். போனால் அக்காவை யார் பார்ப்பது? போகாவிட்டால் என்னை யார் பார்ப்பது?

ஏப்ரல் 2

வழி பண்ணிவிட்டார். சாமான் போட்டு வைத்திருந்த பின்அறையில் நாற்காலி போட்டாயிற்று. புது டாக்டர், எங்கள் மொழிக்காரப் பெண், படிப்பை முடித்த கையோடு வந்திருக்கிறாள். இனி நம் ஆட்கள் எல்லோரும் அவளிடம். மற்றவர்கள் எனக்கும் எதிர் அறைக்கும்.

அவள் பங்கு எனக்குக் கொடுத்ததைவிடக் குறைவாம். நான் கேட்டது இதுவா? வாயைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை.

மே 5

சம்பளம் வந்தது. எதிர் அறைக்குச் சமமாக.

சாயங்காலம் கை கழுவும் இடத்தில் புதுப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நாள் பூரா நிமிரவே இல்லக்கா. கைக்கு வந்ததைப் பார்த்தா அழுகையா வருது. முதல்ல எல்லாருக்கும் இப்படித்தான், போகப் போக சரியாயிடும்னு பெரிய டாக்டர் சொன்னாரு. உங்களுக்கும் தானா சரியாயிடுச்சு, இல்லக்கா?"

தலையாட்டினேன்.