எனக்கு மட்டும் ஒரு வீடு

என் உயிரான சரசக்கா,

நீ கண்ணை மூடி எட்டு மாசமாச்சு. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் நாம் பிறந்த அதே லயத்து வரிசை வீட்டு அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். போன மழையில் பின்பக்க மலை சரிந்து, சுவரில் கை நுழையுமளவு வெடிப்பு. "இங்கே குடியிருக்கக் கூடாது" என்று அதிகாரிகள் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். எங்கே போவது என்று அதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் மூன்று வாரம் தங்கவைத்தார்கள். பாடம் தொடங்கியதும் லயத்தின் பன்னிரண்டு குடும்பமும் இங்கேயே திரும்பிவிட்டோம். வேறு போக்கிடம் ஏது?

அடையாள அட்டை கிடைக்காத தோட்டத்து ஜனங்களைத் திரட்டிக்கொண்டு பதுளை வரை கால்நடையாகவே போனவள் நீ. அந்த ஜனங்கள்தான் உன்னை மாகாண சபைக்கு அனுப்பினார்கள். அங்கே கட்சி சொன்னபடி, நம் தோட்டத்துக் காணியை ஹோட்டல்காரருக்கு விடும் தீர்மானத்துக்குக் கை தூக்கினாய்.

"பதிலுக்கு எல்லாருக்கும் வீடு தர்றதா சொன்னாங்கடி. நம்பிட்டேன்" என்று என்னிடம் அழுதாய். வீடு வரவில்லை. பதவியை எறிந்துவிட்டு, விட்ட படிப்பைத் தொடர்ந்தாய். பேராசிரியரான பிறகு அந்தத் தவறையே மாணவர்களுக்குப் பாடமாகச் சொன்னாயாம். எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்?

போன ஞாயிறு அதே கட்சியிலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார்.

"அக்கா பேருக்கே ஓட்டு விழும்ங்க. அடுத்த தேர்தல்ல நீங்க நில்லுங்க. பண்டாரவளையில உங்களுக்கு ஒரு வீடு ரெடியா இருக்கு."

"மத்த பதினொரு குடும்பம்?"

"அதப் பிறகு பாப்போம்ங்க."

"அப்ப எனக்கும் வேணாங்க."

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் சாந்தி, அவர் போனதும் கத்தினாள். "பெரியம்மா மாதிரி உனக்கும் பைத்தியமாம்மா? மழை வந்தா நாம சாகணுமா?"

என் பிடிவாதம் அவள் தலையில் இடிந்து விழுந்தால்?

மறுநாளே அவளை ஸ்பிரிங்வெளிக்கு, மாமியார் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். முகம் கொடுக்காமல் பஸ் ஏறினாள். அதற்கு அடுத்த நாள் பன்னிரண்டு குடும்பமும் பதுளைக் கச்சேரிக்குப் போய், அந்த அரசாங்க அலுவலக வாசலில் உட்கார்ந்தோம். சாயங்காலம் ஒரு அதிகாரி வெளியே வந்து, மாற்று இடம் பார்த்துத் தருவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். செய்வாரா? தெரியவில்லை. இன்று காலையிலிருந்து மறுபடி மழை.

எனக்குப் பயமாகத்தான் இருக்கு, அக்கா. ஆனாலும் இந்த லயத்தை விட்டுக் கடைசி ஆள் வெளியேறிய பிறகுதான் நான் வெளியேறுவேன். சத்தியம்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
மல்லிகா