ரவுட்டருக்கு வைத்த சந்தனப் பொட்டு

லதா,

"நான்" என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அதனால் உன் புருஷனைப் பற்றி யாரோ ஓர் ஆளைப் போல எழுதுகிறேன்.

ஆயுத பூசையன்று அந்த ஆள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, தையல் மெஷின், கம்பியூட்டர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தான். மிஞ்சிய சந்தனத்தை ரவுட்டரின் பின்பக்கம், வயர் சொருகும் ஓட்டையிலேயே அப்பினான். "ஈரமா இருக்குங்க, அதுல வேணாம்" என்றாய். "சாமி காரியத்துல குறுக்க பேசாத" என்று உன் வாயை அடைத்தான்.

அன்றிலிருந்துதான் இன்டர்நெட் வந்து வந்து போகிறது. பிள்ளைகளுக்கு நீ ஆன்லைனில் நடத்தும் பாடம் பாதியில் நின்றபோதெல்லாம் உன்னைத்தான் ஏசினான். நேற்று உன் அண்ணன் முன்னாலேயே, "இவதான் எதையாவது நோண்டி வச்சிருப்பா" என்றான். நீ தேத்தண்ணி ஊற்றப் போனாய்.

இன்று விடியற்காலையில் வயரைக் கழற்றிப் பார்த்தான். காய்ந்த சந்தனம் பொலபொலவென்று மேசையில் உதிர்ந்தது. எந்த முகத்தோடு உன்னை எழுப்புவது? பதுளை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான்.

ரொட்டி சுட்டு மூடி வைத்திருக்கிறது. தேங்காய்ச் சம்பலில் உப்புக் கூடிவிட்டது, பொறுத்துக்கொள். ரிப்பேர்காரர் பகல் வருவார், ரவுட்டரைக் கொடுத்துவிடு.

மறந்துவிட்டேன்: மேசையை மட்டும் துடைக்காதே. வேலை முடிந்து தெமோதரையில் இறங்கி உன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அந்தச் சந்தனத்தை அவருக்குக் காட்ட வேண்டும். அவர் முன்னால் "அந்த ஆள்" என்று சொல்ல மாட்டேன்.