எனக்கு வந்தது சாமி இல்லை

ஆகஸ்ட் 4, திங்கள்

வெளியே புகைமூட்டம். சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், பிரிக்பீல்ட்ஸ் மூன்றாம் மாடி அறையின் ஒரே வாளி இன்று காலை உயிர் நீத்தது. அடியில் ஓட்டை. துணி துவைக்கவில்லை.

சின்னச் செய்தி: எனக்கு ஆஸ்துமா.

"பதினெட்டு வயசுல புதுசா வருமா டாக்டர்?"

"வரும் தம்பி. நீல பம்ப் மூச்சு முட்டினா மட்டும். பழுப்பு தினமும், காலையில, சாயங்காலம். அடிச்சதும் வாய் கொப்பளிக்கணும். புகை பக்கமே போகாதீங்க."

நேற்று கிள்ளானில் நடந்ததை அவரிடம் முழுதாகச் சொல்லவில்லை. உறுமி மேளப் பயிற்சி. வாசிக்கும் முன் மேளங்களுக்குச் சாம்பிராணி காட்டுவோம். தட்டு என் கையில். திடீரென்று நெஞ்சு இறுகி, உள்ளே விசில். முட்டி போட்டுவிட்டேன். சாமி வந்துவிட்டது என்று உறுமியை இன்னும் வேகமாகத் தேய்த்தார்கள். என் உயிர்த் தோழன் குமரன் சாம்பிராணியை மூக்கருகே நீட்டினான். ஓர் ஆன்டி கும்பிட்டபடி, "சாமி, எம் மகளுக்கு எப்ப கல்யாணம் ஆகும்?"

பதில் சொல்ல மூச்சு இல்லை.

"சாமி கோவமா இருக்குலா," என்றார்.

ஆகஸ்ட் 6, புதன்

குமரன் போன். வழக்கமாக "டேய் பன்னி" என்பான். இன்று, "சாப்ட்டீங்களா சாமி?" சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை திருவிழாவுல நீங்கதான் சாம்பிராணித் தட்டோட முன்னால நிக்கணுமாம். குழுத் தலைவரு சொல்லிட்டாரு."

குழுவில் வேறு யாருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை? பயமா? எனக்கா? கிள்ளான் பள்ளத்தாக்கின் இளைய சாமிக்கா?

நீல பம்புக்கு நீலகண்டன் என்று பெயர் வைத்தேன். சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை. இரவுச் சாப்பாடு மீ கோரெங் நூடுல்ஸ். எதிர் நாற்காலியில் என் பை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கோமுட்டர் ரயில் தாமதம். கிள்ளானில் இறங்கியதும் மூச்சு இழுப்பு, ஓரமாக நின்று ஒரு பம்ப். பிறகு பயிற்சிக்குப் போய்க் குமரனைத் தனியே அழைத்துச் சொல்லியேவிட்டேன்.

"டேய், அது சாமி இல்லடா. ஆஸ்துமா."

கன்னத்தில் போட்டுக்கொண்டான். "சாமி என்னைச் சோதிக்குது."

பம்பைக் காட்டினேன். "எந்தக் கடைலலா வாங்குன? போன மாசம் கைக்குப் பொய்க் கட்டு போட்டுட்டு வந்தவன்தானே நீ?" அரைச் சிரிப்பு. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சிருங்க சாமி."

புதன்கிழமை எழுதிய வீரமெல்லாம் சும்மா. தட்டைப் பார்த்ததுமே நாலடி பின்னால் போனேன். ஞாயிறன்று வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிட்டு இங்கேயே படுத்திருக்கப் போகிறேன். அதையாவது நம்புவான்.