முதுகு மாற்றிய பெஞ்சுகள்

பிப்ரவரி 4
பழைய சர்ச் கட்டடத்தை ஊர்ப் பொதுமன்றமாக்கும் தச்சு வேலை எனக்கே கிடைத்தது. ஞாயிறு மட்டும் பூசை, மற்ற நாளெல்லாம் ஊருக்கு. மகளின் நாடகக் குழுவுக்கும் இனி ஒரு கூரை. இதுவரை ஒத்திகை எங்கள் மொட்டைமாடியில்தான். பக்கத்து வீட்டார் பாவம்.

பலிபீடத்தைத் தொடக் கூடாது என்றார் பாதர். அதனால் மேடை எதிர்ப்பக்கம், பெரிய வாசலை ஒட்டி. ஆட்கள் பக்கக் கதவால் வரட்டும். என் யோசனைதான். அன்றைக்கு என்னைவிட அறிவாளி யாருமில்லை.

பிப்ரவரி 20
மேடை முடிந்தது. சர்ச் கதவைத் திறந்து பூட்டுகிற பெரியவர் வந்து பார்த்தார். சாவிகளை யாரிடமும் கொடுக்கமாட்டார்; ஊரில் அவருக்குக் கொத்துச்சாவி என்றே பெயர். "மேடை நல்லாத்தான் இருக்கு. யாரு பாக்கப் போறா?" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 1
மானம் போச்சு.

வெள்ளோட்ட நாடகம். வந்த சனமெல்லாம் பலிபீடத்தைப் பார்த்து உட்கார்ந்தது. வேறெப்படி உட்காரும்? பெஞ்சுகள் அந்தப் பக்கம் பார்த்துத்தானே கல்தரையில் பதித்திருக்கிறது! தரையைப் பெயர்க்கவும் அனுமதியில்லை. மகள் முதல் வசனத்தைப் பின்மண்டைகளைப் பார்த்துப் பேசினாள். பெஞ்சு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு தச்சனுக்குத் தெரிய வேண்டாமா?

"இன்னொரு தடவை பாப்போம். அப்பவும் இப்படின்னா, மேலிடத்துல இதைக் கிடங்குக்கு வாடகைக்கு விட்டுடுவாங்க," என்றார் பாதர்.

வீட்டு வாசலில் மகள் சொன்னாள்: "ஊர்ல யாருக்கெல்லாம் வழுக்கைன்னு இன்னைக்குத்தான்பா தெரிஞ்சுது."

மார்ச் 3
மனைவி வாளியைக் கீழே வைத்தாள். கைப்பிடி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சாய்ந்தது. எழுந்து ஓடினேன்.

"எங்க போறீங்க?"

"பெஞ்சுக்கு முதுகு மாத்த."

"தலைக்கும் ஏதாவது பாருங்க."

மார்ச் 22
சாய்மானங்களைக் கழற்றி, இரண்டு ஓரமும் இரும்புக் கை கொடுத்து மாட்டியாயிற்று. தள்ளினால் வாளிக் கைப்பிடி மாதிரி மறுபக்கம் சாயும். ஞாயிறு பீடத்துக்கு, மற்ற நாள் மேடைக்கு. பெஞ்சு இடத்தை விட்டு அசையவேயில்லை.

கொத்துச்சாவி கேட்டார்: "பூசை நடுவுல திரும்பிக்கிட்டா?"

"கொண்டி போட்டிருக்கேங்க."

இழுத்துப் பார்த்தார். கழலவில்லை.

ஏப்ரல் 5
மறுபடி நாடகம். பெஞ்சுகளை முன்னதாகவே திருப்பி வைக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றியதா? சனம் மறுபடி பலிபீடத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது.

கொத்துச்சாவி பீடத்தின் முன் போய் நின்றார். "எல்லாரும் எந்திரிங்க."

பூசைப் பழக்கம். ஒருவர் விடாமல் எழுந்தார்கள்.

முதல் வரிசையின் கொண்டியைத் தூக்கிச் சாய்மானத்தைத் தள்ளினார். டக். அடுத்த வரிசைக்காரர்கள் தாங்களே தள்ளினார்கள். டக், டக், டக் — வாசல் வரை.

"இப்ப உக்காருங்க."

மேடையில் மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். அத்தனை முகமும் அவளைப் பார்த்து. வழுக்கை ஒன்றுகூடத் தெரியவில்லை.

ஏப்ரல் 7
கொத்துச்சாவி தன் கொத்திலிருந்து சர்ச் சாவியைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டாராம். சாயங்காலம் பக்கத்து வீட்டார் வந்து, "மாடியில சத்தமே காணோம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.