பூபாலன் வில்லனான வெள்ளிக்கிழமை

அன்பு அமீருன்னிசாவுக்கு, ஷார்ஜாவிலிருந்து உன் ஜமீலின் ஸலாம். நான் சுகம். அம்மாவின் மூட்டுவலி தேவலையா?

வெள்ளிக்கிழமை அறையில் ஒரு குடும்பப் படக் கேசட் போட்டோம். உனக்குப் பிடித்த காமெடி நடிகர் பூபாலன் வந்ததுமே எல்லோருக்கும் சிரிப்பு. பெற்ற தாயை அவர் வீட்டைவிட்டு விரட்டியபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அந்தம்மா பையோடு தெருவில் நின்றபோதுதான் அவர் வில்லன் என்று உறைத்தது. கொட்டாம்பட்டி முருகையா அண்ணன், "அடப்பாவி, உன்னைய எம்புட்டு நம்புனேன்!" என்று செருப்பை வீச, அது சாம்பார்ச் சட்டிக்குள் விழுந்தது. அன்றைக்குச் சோறு ஊறுகாயோடுதான்.

எனக்கும் பூபாலன் நிலைமைதான். எதைச் சொன்னாலும் காமெடி என்கிறாய். போனை வைக்கும்போது "சரி, வாரேன்" என்பேன். "ஆமா, வந்துட்டாலும்!" என்று சிரிப்பாய். இந்தத் தடவை சிரிக்காதே. நான் கேட்ட இட்லிப்பொடியையும் அனுப்பாதே. லீவு கிடைத்துவிட்டது.

சரி, வாரேன்.